எம்டனுக்குப் பித்தளை வேலி: பாதித் தகடு மிஞ்சினால் போதும்

மதுரை வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது: “முதல் உலகப் போரின் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை 1/350 அளவில், அதாவது அசலில் 350-இல் ஒரு பங்காக, பிளாஸ்டிக் மாதிரியாகக் கட்டுகிறேன். விமான மாதிரிகள் நிறையச் செய்திருக்கிறேன். கப்பல் இதுவே முதல். நுண்பாகங்களை அரித்து உருவாக்கிய மெல்லிய பித்தளைத் தகடு (எட்ச் தகடு) ஒன்றும் தனியாக வாங்கினேன். மூன்று சிக்கல்கள். மேல்தள ஓரத்துக் கம்பி வேலியான ரெய்லிங் எவ்வளவு முயன்றாலும் அலை அலையாக நெளிகிறது. சூப்பர் க்ளூ பட்ட இடமெல்லாம் வெள்ளை பூக்கிறது. இதுவரை பத்துப் பன்னிரண்டு துண்டுகள் பறந்து தொலைந்துவிட்டன. இன்னொரு தகடு வாங்கவா, அல்லது எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு பிளாஸ்டிக்கோடு நிறுத்திக்கொள்ளவா?”

இரண்டும் வேண்டாம். கைத்திறன் குறைந்ததால் வந்த சிக்கல் அல்ல இது. எதைப் பித்தளையில் போடுவது, எப்போது போடுவது என்ற இரண்டில்தான் கோளாறு.

பித்தளை எதற்கு என்பதிலிருந்து தொடங்குகிறேன். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கை அரை மில்லிமீட்டருக்குக் கீழே மெல்லியதாக்குவது கடினம். 1/350 அளவில் அரை மில்லிமீட்டர் என்பது அசல் கப்பலில் 17.5 சென்டிமீட்டர். மாலுமி பிடித்து நடக்கும் கம்பி தென்னங்கன்று பருமனில் இருந்தால் எப்படி இருக்கும்! எட்ச் தகட்டின் கனம் 0.15 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அசல் கணக்கில் ஐந்து சென்டிமீட்டர். கண் ஒப்புக்கொள்ளும் அளவு அது. தகட்டின்மீது ஒளி உணரும் பூச்சைத் தடவி, படத்தை அதில் பதித்து, வேண்டாத பகுதியை ஃபெரிக் குளோரைடு கரைசலில் அரித்து எடுக்கிறார்கள். மின்சுற்றுப் பலகை செய்யும் அதே முறைதான்.

அதன் குறையும் இந்தச் செய்முறையிலேயே இருக்கிறது. தகட்டிலிருந்து வருவது எல்லாமே தட்டை. அசலில் தட்டையாகவோ, மெல்லியதாகவோ, ஊடே பார்க்கக்கூடியதாகவோ இருப்பவற்றுக்குத்தான் அது பொருந்தும்: ரெய்லிங், ஏணி, புகைபோக்கியின் வாயில் இருக்கும் கம்பி வலை. உருண்டையானவற்றுக்குப் பொருந்தாது. எம்டனின் பத்து பீரங்கிகள் 10.5 சென்டிமீட்டர் வாய் கொண்டவை. உங்கள் மாதிரியில் ஒவ்வொரு குழலும் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளம். அதைத் தட்டைப் பித்தளையில் வைத்தால் பக்கவாட்டில் பீரங்கி, மேலிருந்து பார்த்தால் கோடு. பிளாஸ்டிக் குழலே மேல். மனம் கேட்காவிட்டால் கடைசல் பிடித்த பித்தளைக் குழல்கள் தனியே கிடைக்கின்றன. படகுகளைத் தொங்கவிடும் வளைந்த கைகளும் அப்படித்தான்: பல இழை மின்கம்பியைப் பிரித்து ஒரு செம்பு இழையை வளைத்தால், தகட்டில் வரும் கையைவிட அசலுக்கு நெருக்கமாக இருக்கும்.

தகட்டில் எண் போட்டு வந்த எல்லாவற்றையும் ஒட்டியே தீரவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. என் மேசை இழுப்பறையில் பாதி மிஞ்சிய தகடுகள் ஒரு கட்டு கிடக்கின்றன. நல்ல கப்பல்கள் எல்லாம் அந்தப் பாதித் தகடுகளில் வந்தவைதான்.

இனி ரெய்லிங். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: “தகட்டை முதலில் அடுப்பில் காட்டி இளக்கிக்கொண்டேன்.” நெளிவுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. பித்தளையைச் சுடவைத்தால் விறைப்பு போய்விடும். புகைபோக்கி வளையத்துக்கு அது நல்லது, உருட்டினால் உருண்டுகொள்ளும். ரெய்லிங்குக்கோ அந்த விறைப்புதான் முதுகெலும்பு. சுட்ட ரெய்லிங் ஒருமுறை வளைந்தால் பழைய நேருக்குத் திரும்பாது. நானும் ஒருமுறை முழுத் தகட்டையும் கேஸ் அடுப்பில் காட்டிவிட்டு, நேராக ஒரு விரல் நீளம்கூட ஒட்ட முடியாமல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தேன். உருட்ட வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுத்து, சாமணத்தில் பிடித்து, மெழுகுவத்திச் சுடரில் நிறம் மங்கும்வரை காட்டினால் போதும். கப்பலின் முன்முனையான அணியத்தின் வளைவுக்கு ரெய்லிங்கைச் சுட வேண்டியதில்லை. அதை உள்ளங்கைச் சதையில் வைத்து, உருண்டையான பேனாவால் மேலே மெல்ல உருட்டினால் தானாக வளைந்துவரும்.

அடுத்தது வெட்டுவது. பச்சை நிற ரப்பர் பலகையில் வைத்து வெட்டாதீர்கள். கத்தி இறங்கும்போது பலகை அமுங்கும், பித்தளையும் சேர்ந்து அமுங்கும், ஒவ்வொரு வெட்டிலும் நுனியில் ஒரு மடிப்பு விழும். வீட்டில் மிஞ்சிய தரை ஓடு ஒன்று போதும். மருந்துக்கடையில் கிடைக்கும் அறுவைக் கத்தி அலகு, வளைந்த முனை உள்ளது. ஓட்டில் முனை சீக்கிரம் மழுங்கும் என்பதால் நாலைந்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டுமுன் துண்டின்மேல் செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள். வெட்டுப்பட்டதும் துள்ளிப் பறக்கும் துண்டு டேப்பிலேயே நின்றுவிடும்.

இதையும் மீறிப் பறப்பவற்றுக்கு ஒரு பழைய உபாயம் உண்டு. வெள்ளை வேட்டியின் ஒரு விளிம்பை மேசையின் அடியில் ஒட்டி, மறு விளிம்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்காருங்கள். விழுவதெல்லாம் மடியில் விழும். ஆனால் பசையை எடுக்கும் நேரத்தில் வேட்டியை அவிழ்த்துவிட வேண்டும். சூப்பர் க்ளூ பருத்தித் துணியில் கொட்டினால் வேதிவினை வேகமாக நடந்து, தோலைச் சுடும் அளவுக்குச் சூடேறும். அலட்சியம் வேண்டாம்.

ஒட்டும் முறைக்கு வருகிறேன். கப்பல் நீளத்துக்கு ஒரே பட்டையாக ஒட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். எம்டனின் அசல் நீளம் 118.3 மீட்டர், உங்கள் மேசையில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர், ஒன்றரைச் சாண். அதை நாலைந்து சென்டிமீட்டர் துண்டுகளாகப் பிரியுங்கள். முதலில் மேல்தளத்தின் ஓரத்தில் ஒரு காகிதப் பட்டையை வைத்து நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் காகிதத்தின்மேல் ரெய்லிங்கை வைத்து, நிற்கும் கால் ஒன்றை ஒட்டியே வெட்டுங்கள். இரண்டு கால்களுக்கு நடுவே வெட்டினால் கம்பி நுனி அந்தரத்தில் தொங்கும். அதுதான் முதலில் நெளியும்.

பசைக்குத் தையல் ஊசி ஒன்று வேண்டும். அதன் காதின் மேல்வளைவை அரத்தில் தேய்த்துவிட்டால் இரண்டு பல் கொண்ட குட்டி முள்கரண்டி கிடைக்கும். பசையை ஒரு பிளாஸ்டிக் மூடியில் ஒரு சொட்டு விட்டு, ஊசிக் காதால் தொட்டு எடுங்கள். அந்த இரு பற்களுக்கு நடுவே நிற்கும் அளவுதான் ஒரு காலுக்கு வேண்டிய பசை. ஃபெவிக்விக் குழாயின் மூக்கை நேராகக் கப்பலில் வைத்தால் அதைப்போல் இருபது மடங்கு இறங்கும்.

ஆனால் ரெய்லிங்கின் முதல் ஒட்டுக்கு நான் சூப்பர் க்ளூவைத் தொடுவதே இல்லை. வெள்ளை ஃபெவிகாலைச் சற்றே நீர் விட்டு இளக்கி, ஓரத்தில் மயிரிழைக் கோடாகத் தீட்டி, துண்டை அதில் நிறுத்துகிறேன். காய இரண்டு மூன்று நிமிடமாகும். அந்த அவகாசம்தான் வேண்டும். கண்ணை மேல்தளத்தின் மட்டத்துக்கு இறக்கி, நீளவாக்கில் ஒரு கண்ணால் பாருங்கள். சாய்ந்த காலை ஈரக் குச்சியால் தள்ளுங்கள். நேரானதும் விடுங்கள். காய்ந்தால் நிறமற்றுப் போகும். மறுநாள் இரு முனைக் கால்களின் அடியில் மட்டும் ஊசியால் சூப்பர் க்ளூ ஒரு தொடுதல். அவ்வளவுதான் பிடிமானம்.

வெள்ளைப் பூப்பு உங்களுக்குச் சூப்பர் க்ளூ மிகுதியால் வந்தது. பசையிலிருந்து எழும் ஆவி பக்கத்துப் பரப்பில் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து இறுகுவதே அது. மூடிய அறையில், மூடிய பெட்டிக்குள் மாதிரியைக் காயவிட்டால் இன்னும் மோசமாகும். பசையைக் குறையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஏற்கெனவே பூத்த இடத்தைச் சுரண்ட வேண்டாம். பளபளப்பு வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும், பிறகு மங்கல் வார்னிஷ் அடித்துக்கொள்ளலாம். எந்தக் காரணம் கொண்டும் நகப்பூச்சு நீக்கியால் துடைக்காதீர்கள். அதிலுள்ள அசிட்டோன் பசையோடு பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். கோணலாக ஒட்டிவிட்ட பழைய ரெய்லிங்கை எடுக்கவும் அது வேண்டாம். சூப்பர் க்ளூ இழுத்தால் தாங்கும், நெம்பினால் தாங்காது. அடியில் கத்தி நுனியை நுழைத்து லேசாகத் திருகினால் ‘டிக்’ என்று விட்டுவிடும்.

வரிசை மிக முக்கியம். உங்கள் படத்தில் ரெய்லிங் முழுவதும் நிற்கிறது, புகைபோக்கிகள் இன்னும் பெட்டியில். அதனால்தான் ஒவ்வொரு முறை கை போகும்போதும் ஒரு கால் சாய்கிறது. மேல்தளத்துக்கு வண்ணம், நடுக் கட்டுமானங்கள், புகைபோக்கிகள், பீரங்கிகள், படகுகள் என்று நடுவிலிருந்து ஓரத்துக்கு வாருங்கள். ரெய்லிங் கடைசிக்கு முந்தையது. அதற்குப் பின் பாய்மரக் கயிறுகள் மட்டும். ரெய்லிங்கைத் தகட்டில் இருக்கும்போதே பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசி, பிரைமர் அடித்து, வண்ணமும் அடித்துவிடுங்கள். ஒட்டிய பின் வெட்டு முனைகளை மட்டும் தூரிகையால் தொட்டால் போதும்.

வண்ணம் என்றதும் ஒன்று. சீனக் கரையின் சிங்தாவோ துறைமுகத்தில் நின்ற காலத்தில் எம்டன் வெள்ளை உடலும் மஞ்சள் புகைபோக்கியுமாக இருந்தது. ‘கிழக்கின் அன்னம்’ என்று பெயர் வாங்கியது அந்தக் கோலத்தில்தான். போர் வந்ததும் சாம்பல் நிறம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதும், நம் பேச்சில் ‘அவன் சரியான எம்டன்’ என்ற வழக்கை விட்டுப்போனதும் அந்தச் சாம்பல் கப்பல். முதல் கப்பலுக்கு நீங்கள் சாம்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையில் ஒவ்வொரு பசைக் கறையும் பல்லைக் காட்டும்.

சாம்பலை எடுத்துக்கொண்டால் இன்னொரு சலுகையும் உண்டு. போருக்கு ஆயத்தமாகும்போது, பீரங்கியின் சுழற்சியை மறிக்கும் இடங்களில் ரெய்லிங்கை மடக்கிவைப்பது அக்காலப் போர்க்கப்பல்களில் வழக்கம். முன்னால் பக்கம் பக்கமாக இரண்டு, பின்னால் அதேபோல் இரண்டு, நடுவில் பக்கத்துக்கு மூன்று என்று எம்டனின் பீரங்கிகள் நின்றன. சென்னையைச் சுட்ட இரவின் கப்பலாக இதை நீங்கள் செய்தால், பீரங்கிகளை ஒட்டிய ரெய்லிங்கை விட்டுவிடலாம். கேட்பவருக்குச் சொல்ல நல்ல காரணமும் கையில் இருக்கும். தொலைந்த துண்டுகளுக்காக இன்னொரு தகடு வாங்கும் கேள்வியும் பாதி தீர்ந்துவிடும். மீதிக்குச் செம்பு இழை இருக்கிறது.

கடிதத்தின் அடிக்குறிப்பில், பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்த எம்டனாகச் செய்ய ஆசை, நான்காவது புகைபோக்கிக்குப் பித்தளையை உருட்டவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1914 அக்டோபர் 28 விடியலில் ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடிக்கப் போனபோது, மூன்று புகைபோக்கி எம்டன் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை ஏற்றி ஆங்கிலேயக் கப்பல்போல் வேடமிட்டது உண்மை. ஆனால் அது மரச் சட்டத்தில் கட்டிய கித்தான் துணி. மற்ற மூன்றைப்போல் வழவழப்பாக வந்தால்தான் தப்பு. ஒரு துண்டு டிஷ்யூ தாளை ஃபெவிகால் நீரில் நனைத்து, பேனா மூடியில் சுற்றிக் காயவிடுங்கள். சுருக்கம் விழுந்தால் நீவ வேண்டாம்.