சுகர் இருக்கிற அம்மாவுக்கு ரிஃப்ளெக்ஸாலஜி பண்ணலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயசு, ரொம்ப வருஷமா சுகர். ராத்திரி சரியா தூக்கம் இல்ல, பாதம் மதமதன்னு இருக்குங்கறாங்க. பாதத்துல கணையத்துக்குன்னு ஒரு பாயின்ட் இருக்கு, அத அழுத்தினா சுகர் இறங்கும், மாத்திரைய கொஞ்சம் கொஞ்சமா விட்டுடலாம்னு ஒரு ரிஃப்ளெக்ஸாலஜி சென்டர்ல சொல்றாங்க. கூட்டிட்டுப் போகலாமா?

பதில்: மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க, மத்தத அப்புறம் பேசலாம். பாதத்த அழுத்தி சுகர் குறையும்னு நம்பற மாதிரி ஆதாரம் எதுவும் இல்ல. எந்த உறுப்புக்குப் பாதத்துல எந்த பாயின்ட்னு காட்டி அங்க சுவத்துல மாட்டியிருக்கிற படம் ஏதோ சித்தர் காலத்துதுன்னு நினைச்சுக்காதீங்க, அமெரிக்காவுல 1917 வாக்குல ஃபிட்ஸ்ஜெரால்ட்னு ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் உடம்ப 10 மண்டலமா பிரிச்சார், 1930கள்ல யூனிஸ் இங்காம்னு ஒரு அம்மா அத பாதத்துக்குக் கொண்டுவந்தாங்க, அதுலேர்ந்து வந்ததுதான், அதுவும் சென்டருக்கு சென்டர் பாயின்ட் மாறும்.

அதுக்காக மொத்தமா வேஸ்ட்டுன்னு சொல்ல மாட்டேன். யாராவது பொறுமையா கால் பிடிச்சுவிட்டா உடம்பு தளரும், மனசு லேசாகும், தூக்கமும் கொஞ்சம் நல்லா வரலாம், அவ்வளவு கிடைச்சாலே நல்லதுதானே.

ஆனா உங்க அம்மா விஷயத்துல எனக்கு உறுத்தறது அந்த மதமதப்புதான். சுகர்னால நரம்பு பாதிச்சிருந்தா வலி தெரியாது, மரக்குச்சியால அழுத்தி தோல் கன்னிப்போனாலும் கிழிஞ்சாலும் அவங்களுக்குத் தெரியாது, அந்தப் புண்ணு ஆறாம இழுத்துட்டே போகும். பார்க்ல கூழாங்கல் பாதையில வெறுங்கால்ல நடக்கறதும் இதே கதைதான். அதனால முதல்ல டாக்டர்கிட்ட பாத உணர்ச்சிய செக் பண்ணச் சொல்லுங்க, 10 கிராம் மோனோஃபிலமென்ட்னு ஒரு மெல்லிசு நைலான் இழைய வெச்சு பாதத்துல தொட்டுப் பாப்பாங்க, வலிக்காது, சில நிமிஷத்துல முடிஞ்சிடும். அப்படியே பாதத்துல ரத்த ஓட்டத்தையும் பாத்துடச் சொல்லுங்க.

ரெண்டும் நல்லா இருந்து டாக்டரும் சரின்னா தாராளமா போகலாம், சுகர் இருக்குன்னு சொல்லிட்டு குச்சி வேணாம் கைவிரலாலயே பண்ணுங்கன்னு கேளுங்க. உணர்ச்சி கம்மின்னு வந்தா சென்டர் வேணாம், ராத்திரி நீங்களே தேங்காயெண்ணெய் தடவி உள்ளங்கையால மெதுவா நீவி விடுங்க, விரல் இடுக்குல மட்டும் எண்ணெய் நிக்கக் கூடாது, அப்படியே அடிப்பாதத்துல வெடிப்பு கொப்புளம் இருக்கான்னு ஒரு பார்வை பாத்துடுங்க. வெந்நீர்ல கால் முக்கி வைக்கறது வேண்டவே வேணாம், சூடு தெரியாம வெந்துபோயிடும்.

ஒரு கால் மட்டும் கெண்டைப் பக்கம் வீங்கி சூடா வலிச்சா அது ரத்தக்கட்டியா இருக்கலாம், கை வைக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.