சைக்கிள் தயாரிப்பு: பட்டியலில் விட்டுப்போன செலவுகள்

கேள்வி: சிறிய அளவில் சைக்கிள் தயாரிக்கப் போகிறேன். அலுமினிய ஃப்ரேமை நாங்களே வெல்டிங் செய்வோம். மற்ற பாகங்களை வாங்கிப் பூட்டுவோம். இயந்திரம், வாடகை, பாகங்கள், கூலி எல்லாம் சேர்த்தால் என் சேமிப்பில் 80 சதவீதம் ஆகிறது. ஏதாவது விட்டுவிட்டேனா?

பதில்: பெரிய செலவையே விட்டுவிட்டீர்கள். அது சரக்கில் முடங்கும் பணம்.

ஒரே மாடல்தான் என்றாலும் 4 அளவு, 3 நிறம் வைத்தால் 12 வகை. கேட்கிற அளவு தீர்ந்துபோகும், கேட்காதது மூலையில் கிடக்கும். அப்புறம் பாகங்கள். எல்லாம் வந்து செயின் மட்டும் வராவிட்டால் உங்களிடம் விற்க ஒரு சைக்கிள்கூட இருக்காது. வாடகையும் சம்பளமும் நிற்காது. 2021-ல், பெருந்தொற்றுச் சமயத்தில், சில கியர் பாகங்களுக்கு ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வளவுக்குப் பிறகு விற்றாலும், கடைக்காரர் சரக்கைக் கடனுக்குக் கேட்பார்.

ஃப்ரேமுக்கு வருவோம். ஃப்ரேமுக்குப் பரவலாகப் பயன்படும் 6061 ரக அலுமினியம் வெல்டிங் செய்த இடத்தில் வலுவிழக்கும். அதை மீட்க வெப்பப் பதப்படுத்த வேண்டும். அந்தச் சூட்டில் ஃப்ரேம் கோணலாகும், நிமிர்த்த ஆள் வேண்டும், சில கழிவாகவே போகும். ஐஎஸ்ஓ 4210 என்ற சர்வதேச சைக்கிள் பாதுகாப்புத் தரத்தின் சோதனையில் பெடல் மிதிக்கும் விசையை 1,00,000 தடவை கொடுத்துப் பார்ப்பார்கள். சோதித்த ஃப்ரேமை விற்க முடியாது. டிசைனை மாற்றினால் மறுபடி சோதனை, மறுபடி கட்டணம்.

அனுப்பும் செலவையும் எடை பார்த்துப் போட்டிருப்பீர்கள். கூரியரில் பெட்டியின் அளவுக்கும் காசு வாங்குவார்கள். 140 × 80 × 20 செ.மீ. பெட்டியின் மூன்று அளவையும் பெருக்கி, பரவலாகப் பின்பற்றப்படும் முறைப்படி 5,000-ஆல் வகுத்தால் 44.8 கிலோ என்று கணக்காகும். உள்ளே இருப்பது 15 கிலோ சைக்கிள்தான்!

உத்தரவாதப் பழுது, விபத்து வழக்குக்கான காப்பீடு இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், முதல் ஆண்டு ஃப்ரேமையும் சோதனைச் சான்றோடு வெளியில் வாங்கி, 1 மாடல், 2 அளவு, 1 நிறத்தோடு தொடங்குங்கள். வரவு செலவை மாதவாரியாக எழுதி, பற்றாக்குறை உச்சத்தைத் தொடும் மாதத்தைப் பாருங்கள். அந்தத் தொகையும் அதற்கு மேல் ஆறு மாதச் செலவும் கையில் இல்லையென்றால், வெல்டிங் இயந்திரத்துக்கு இப்போது முன்பணம் கொடுக்காதீர்கள்.