நெல்லுக்குப் போடும் மாத்திரைக்குப் படுக்கையறையில் என்ன வேலை?

வராது. மூட்டைப்பூச்சி கடித்து யாருக்கும் எய்ட்ஸ் வந்ததில்லை. எட்டுப் பக்கக் கடிதத்தில் ஆறாம் பக்கத்தில்தான் இதைக் கேட்டிருக்கிறீர்கள் சகோதரி, அதையும் ஒருமுறை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறீர்கள். சென்னை விடுதியில் தங்கிப் படிக்கும் மகன் தீபாவளிக்கு வந்துபோன பிறகுதான் வீட்டில் கடி தொடங்கியது, அங்கே யார் யாரைக் கடித்த பூச்சியோ என்பதுதான் உங்கள் பயம். உங்கள் தூக்கத்தைப் பூச்சி பாதி கெடுத்தது. பக்கத்து வீட்டம்மா அனுப்பிய வீடியோ மீதியைக் கெடுத்தது.

எச்ஐவி கிருமி மூட்டைப்பூச்சியின் உடம்புக்குள் பெருகுவதில்லை. பூச்சி ஒன்றும் ஊசி மருந்துக் குழாய் அல்ல, ஒருவரிடம் உறிஞ்சியதை இன்னொருவர் உடம்பில் ஏற்றுவதற்கு. வயிறு நிறைந்தால் சந்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டு அடுத்த வேளைக்குச் சில நாட்கள் கழித்துத்தான் வெளியே வரும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைப் பூச்சிக்குள் பார்த்திருக்கிறார்கள் என்பது உண்மை. அது கடியின் வழியாக மனிதருக்குப் போனதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை என்பதும் உண்மை. வீடியோக்காரர்களுக்கு முதல் வாக்கியம் மட்டும் போதுமானதாக இருக்கிறது.

முடி கொட்டுவதற்கும் மூட்டைப்பூச்சிக்கும் சம்பந்தமில்லை. கால் மரத்துப்போவதற்கும் இல்லை. அதற்குச் சர்க்கரை அளவைப் பாருங்கள். ரத்தம் குறைந்துவிடுமா என்றால், நூறு பூச்சிகள் வயிறு முட்டக் குடித்தாலும் ஒரு மில்லி தேறாது. ஆயிரக்கணக்கில் மண்டிய வீட்டில் கைக்குழந்தைக்கோ படுத்த படுக்கையான முதியவருக்கோ ரத்தசோகை வந்ததுண்டு. உங்கள் வீடு அந்த நிலையில் இல்லை.

ஏழாம் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் நெருக்கி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கடைக்காரர் கொடுத்த மாத்திரைகளில் இரண்டை மெத்தைக்கடியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் படுத்தோம், சின்னவளுக்கு விடியற்காலையில் இரண்டு தடவை வாந்தி, எனக்கும் ஒரே தலைவலி, இரவு சாப்பிட்ட பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று. அதற்குக் கேள்விக்குறிகூடப் போடவில்லை. அதைப் படித்ததும் மற்றதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, உறையில் இருந்த எண்ணை அழைத்தேன். பத்து நாளாகிவிட்டது, சின்னவள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்றீர்கள். கூடத்து ஜன்னலில் உடைந்த கண்ணாடியை வீட்டுக்காரர் மாற்றித் தரவில்லை என்று அதே மூச்சில் குறையும் சொன்னீர்கள். அந்த உடைந்த கண்ணாடிதான் உங்கள் பிள்ளையைக் காப்பாற்றியிருக்க வேண்டும். போனை வைக்கும் முன், "மீதி எட்டு மாத்திரை பரண்மேல் இருக்கிறது, இன்னொரு தடவை வைக்கலாமா டாக்டர்?" என்று கேட்டீர்கள் பாருங்கள், அதனால்தான் தொலைபேசியோடு விடாமல் இதை அச்சிலும் எழுதுகிறேன்.

அது நெல் மூட்டைகளில் வண்டு விழாமல் இருக்கக் குடோனில் போடும் மாத்திரை. அலுமினியம் பாஸ்பைடு என்று பெயர். காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே அதிலிருந்து பாஸ்பீன் என்ற வாயு கிளம்பும். 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து சுமார் 1 கிராம் வாயு. குடோனில் தார்ப்பாய் போட்டு ஓரங்களில் காற்றுப் புகாமல் அடைத்து, ஆட்களை வெளியேற்றிவிட்டுச் செய்யும் வேலை அது. அரசுத் துறைகளுக்கும், அரசு அங்கீகாரம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களுக்கும் தவிர வேறு யாருக்கும் அதை விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. உங்கள் கடைக்காரர் அதைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

கதவைச் சாத்தினால் போதும் என்பது உங்கள் கணக்கு. கதவுக்கடியில் இடைவெளி இருக்கிறது. சுவரில் விரிசல் இருக்கிறது, மின்கம்பி போகும் குழாய் இருக்கிறது. நீங்கள் இருப்பது லைன் வீடு. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். வாயு காற்றைவிடச் சற்றுக் கனமானது, தரையோடு தவழும். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தது யார்? சின்னவள்தான். பூண்டு நாற்றமோ அழுகிய மீன் நாற்றமோ அடிக்கும் என்பார்கள். நாற்றம் வரவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. சுத்தமான வாயுவுக்கு மணமே கிடையாது. இதற்கு மாற்று மருந்தும் கிடையாது. இதயத்தையும் நுரையீரலையும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, உடம்பு தானாக மீள்வதற்குக் காத்திருப்பதுதான் மருத்துவமனையில் எங்களால் செய்ய முடிவது.

2024 நவம்பரில் குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்கு வைத்த மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அங்கே வைத்தது எலி மருந்து, உங்கள் வீட்டில் பூச்சிக்கு. மூடிய அறையும் தூங்கும் குழந்தையும் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான்.

பரோட்டாவைக் குறை சொன்னதற்காக உங்களை மட்டும் கடிந்துகொள்ள மாட்டேன், நானும் ஏமாந்தவன். பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஓர் இரவு அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கணவன் மனைவி வந்தார்கள், இருவருக்கும் வாந்தி. அன்று பகலில் கல்யாண விருந்து சாப்பிட்டார்களாம். விருந்துச் சாப்பாடு, வெயில் வேறு என்று வாந்திக்கு ஊசி எழுதி, உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்து அனுப்பப் பார்த்தேன். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த மூத்த செவிலியர் அந்த அம்மாவின் தோளைக் காட்டினார். அங்கே சேலை நனைய பால்குடிக் குழந்தை கக்கிக்கொண்டிருந்தது. "இதுவுமா விருந்து சாப்பிட்டது?" என்று கேட்டார். அப்புறம்தான் அந்த மனிதர், மூட்டைப்பூச்சிக்கு மாத்திரை வைத்ததை மெல்லச் சொன்னார். அதற்குள் அவருக்கு ரத்த அழுத்தம் 80க்கு இறங்கியிருந்தது. மூவரும் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள் இருந்து வீட்டுக்குப் போனார்கள். நான் எழுதிய சீட்டைச் செவிலியரே வாங்கிக் கிழித்துப் போட்டார்.

ஆகவே இதை மட்டும் நினைவில் வையுங்கள். பூச்சி மருந்தோ எலி மருந்தோ வைத்த வீட்டில், அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குள் யாருக்காவது வாந்தி, தலைவலி, தலைசுற்றல், நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குதல் வந்தால், அதிலும் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வந்தால், சாப்பாட்டின் மேல் பழி போடாதீர்கள். எல்லோரும் உடனே வெளியே திறந்த வெளிக்கு வாருங்கள். பக்கத்து வீட்டாரையும் எழுப்புங்கள். 108ஐ அழையுங்கள். மருத்துவமனையில் யார் எது கேட்பதற்கு முன்பும், "வீட்டில் இந்த மருந்து வைத்தோம்" என்று சொல்லுங்கள். டப்பாவின் படம் கைப்பேசியில் இருந்தால் இன்னும் நல்லது. மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் என்று கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும், நுரையீரலில் நீர் கோர்ப்பது தாமதமாக வரக்கூடும். கண்காணிப்பில் வைக்கிறோம் என்றால் இருங்கள். வைத்த மாத்திரையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் வாயு இன்னும் வேகமாகக் கிளம்பும், தீயும் பிடிக்கலாம். அதை அப்புறப்படுத்தத் தீயணைப்புத் துறையை 101இல் அழையுங்கள். பரண்மேல் இருக்கும் பொட்டலத்தையும் நீங்கள் திறக்க வேண்டாம், சாக்கடையில் கொட்டவும் வேண்டாம் என்று போனில் சொன்னேன். கேட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இனி பூச்சிக்கு வருவோம். முதலில் இருப்பது அதுதானா என்று பாருங்கள். மெத்தையின் ஓரத்தில் கயிறு போல ஓடும் தையலைக் கைப்பேசி விளக்கில் விரித்துப் பார்த்தால், பேனா முனையால் குத்தியது போலக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஈரத் துணியால் தேய்த்தால் துரு நிறத்தில் இழுபடும். அது பூச்சியின் கழிவு. பக்கத்தில் அது கழற்றிப் போட்ட சட்டை, வெங்காயச் சருகு போல மெலிதாக இருக்கும். பூச்சி 5 மில்லிமீட்டர் இருக்கும், தட்டை. ரத்தம் குடித்துவிட்டால் உப்பிப் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்துவிடும். கட்டில் மூட்டுகள், சுவரில் ஆணி அடித்த ஓட்டை, காலண்டரின் பின்பக்கம், மகன் கொண்டுவந்த பெட்டியின் தையல், இவையெல்லாம் அதன் குடியிருப்பு. இது எதுவுமே இல்லாமல் விரல் இடுக்கிலும் தொப்புளைச் சுற்றியும் இரவில் அரிப்பு என்றால் அது சிரங்கு. அப்போது மெத்தையை விட்டுவிட்டுத் தோல் மருத்துவரிடம் குடும்பத்தோடு போங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு தடிப்பும் இல்லை, அதனால் எல்லாம் உங்கள் மனப்பிரமை என்கிறாராமே. அவரையும் கடிக்கத்தான் செய்கிறது. சிலர் தோல் அதைக் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான்.

கொசுவுக்கு அடிக்கும் மருந்தை இதற்கு அடித்துப் பயனில்லை. நம் ஊரில் பெரும்பாலும் இருப்பது வெப்ப மண்டல மூட்டைப்பூச்சி. கொசு மருந்துகளில் உள்ள பைரித்ராய்டு வகைகளை அது பல இடங்களில் சட்டை செய்வதே இல்லை. இது புதிய கதையும் அல்ல. 1953இல் தொடங்கிய தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தில் வீடு வீடாக டிடிடி அடித்தார்கள். கொசுவோடு மூட்டைப்பூச்சியும் செத்ததால் முதலில் ஜனங்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் மூட்டைப்பூச்சி டிடிடிக்குப் பழகிவிட்டது. இந்த மருந்து எதற்கு என்று பல ஊர்களில் மருந்தடிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

பூச்சி தாங்காதது சூடு. விரிப்பு, தலையணை உறை, துணிமணி எல்லாவற்றையும் 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில், அதாவது கை வைக்க முடியாத சூட்டில் ஊறப்போட்டுத் துவையுங்கள். கட்டிலைக் கழற்றி ஒவ்வொரு மூட்டிலும் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது. மெத்தையை மொட்டை மாடியில் போடுவது நல்லதுதான், ஆனால் பூச்சி நிழல் பக்கமாக நகர்ந்துகொள்ளும். சூடு உள்ளே இறங்குவதில்லை. பழைய பஞ்சு மெத்தை என்றால் ஆசையை விட்டுவிடுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி, நான்கு கால்களையும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள், விரிப்பு தரையில் புரளக் கூடாது. முட்டை பொரிய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அதனால் இதையெல்லாம் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும். முதல் முறையோடு விட்டவர்கள்தான் "எதற்கும் சாகவில்லை" என்று எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். கூடத்துக்குப் போய்ப் படுக்காதீர்கள். உங்களைத் தேடிக்கொண்டு பூச்சியும் கூடத்துக்கு வரும். வேப்பிலை, கற்பூரம், அந்துருண்டை எதுவும் பயன்படாது. கட்டிலுக்கு மண்ணெண்ணெய் பூசிவிட்டுப் பக்கத்திலேயே கொசுவர்த்தி ஏற்றுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

இதற்கும் அடங்காவிட்டால் உரிமம் பெற்ற ஆட்களைக் கூப்பிடுங்கள். மருந்தின் பெயரையும், எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தால் வாசலைக் காட்டுங்கள்.

கடித்த இடத்துக்குக் கலமைன் லோஷன் போதும். அரிப்பில் தூக்கம் கெட்டால் செட்டிரிசின் ஒன்று, அதுவும் பெரியவர்களுக்கு. சின்னவளுக்கு அளவை மருத்துவர் சொல்லட்டும். மருந்துக்கடையில் வாங்கித் தடவும் மூன்று மருந்து கலந்த ட்யூபைக் குப்பையில் போடுங்கள், அதில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். சொறிந்த இடம் சீழ் பிடித்தால் காட்டுங்கள்.

வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் காலி செய்யச் சொல்வார் என்று மறைக்கிறீர்கள். மறைத்தால் பூச்சி சுவர் விரிசல் வழியாகப் போய்த் தானே சொல்லிவிடும். லைன் வீட்டில் ஒரு வீட்டை மட்டும் சுத்தம் செய்வதில் பயனும் இல்லை, எல்லா வீட்டிலும் ஒரே நாளில் செய்ய வேண்டும். 2023இல் பாரிஸ் நகரமே மூட்டைப்பூச்சிப் பீதியில் கிடந்தது. பூச்சிக்கு வேண்டியது அழுக்கு அல்ல, தூங்கும் மனிதர். மகன் பொங்கலுக்கு வரும்போது பெட்டியை வாசலிலேயே வாங்கி, துணிகளை நேராக வெந்நீருக்கு அனுப்பிவிடுங்கள். பெட்டி இரண்டு நாள் வெயிலில் கிடக்கட்டும். பையனை உள்ளே கூப்பிட்டுச் சோறு போடுங்கள்.