ஹெர்2 2+ என்றால் முடிவு இன்னும் வரவில்லை

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு 58 வயது. மாதவிடாய் நின்று பல வருடமாகிறது. இடது மார்பில் 2.2 சென்டிமீட்டர் கட்டி. தனியார் மருத்துவமனையில் பயாப்சி எடுத்தார்கள். மார்பகப் புற்றுநோய் என்றார்கள். ஈஆர் 90%, பிஆர் 40%, ஹெர்2 2+, கேஐ-67 25% என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ‘ஹெர்2 இருந்தால் ரொம்ப நாள் தாங்காது’ என்கிறார் சித்தி. ஆனால் சிஏ 15-3 ரத்தப் பரிசோதனை நார்மல். அம்மா எத்தனை வருடம் இருப்பார்?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சித்தி சொல்வது ஒரு காலத்தில் உண்மைதான். ஹெர்2 என்பது செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். அது அளவுக்கு மீறி இருந்தால் ஹெர்2 பாசிட்டிவ். அப்படி என்றாலே வேகமாகப் பரவும் நோய் என்று பயந்த காலம் அது. இந்தப் புரதத்தைக் குறிவைத்துத் தாக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 1998-இல் பரவிய நோய்க்கும், 2006-இல் ஆரம்பக்கட்ட நோய்க்கும் அனுமதி கிடைத்தபின் அந்தக் கணக்கே மாறிவிட்டது.

அதைவிட முக்கியம், அம்மாவுக்கு ஹெர்2 பாசிட்டிவ் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. கட்டியிலிருந்து மெல்லிய சீவல் எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். புற்றுநோய் செல்களில் 10 சதவீதத்துக்கு மேல் சுற்றிலும் அழுத்தமான பழுப்பு வளையம் தெரிந்தால் 3+, பாசிட்டிவ். 0, 1+ என்றால் நெகட்டிவ். வளையம் மங்கலாக இருந்தால் 2+. கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். அடுத்து ‘ஃபிஷ்’ சோதனையில் ஹெர்2 மரபணுவின் எண்ணிக்கையையே எண்ணுவார்கள். 2+ வந்த பலருக்கு அதில் நெகட்டிவ்தான் வருகிறது.

இந்த முடிவு வராமல் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்க அவசரப்படாதீர்கள். கட்டி 2 சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கிறது. ஹெர்2 பாசிட்டிவ் என்றால், முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு அறுவை செய்வதுதான் பல நேரம் நல்லது. டிராஸ்டுசுமாப் வழக்கமாக ஒரு வருடம் போடுவார்கள். இடையிடையே இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும்.

ஈஆர், பிஆர் இரண்டும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்களை ஏற்கும் புரதங்கள். ஈஆர் 90% நல்ல செய்தி. ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை நன்றாக வேலை செய்யும். அம்மாவின் வயதுக்குப் பெரும்பாலும் லெட்ரோசோல் அல்லது அனஸ்ட்ரோசோல், குறைந்தது 5 வருடம். எலும்பு தேயலாம், மூட்டு வலிக்கலாம். அதற்காக நிறுத்திவிடக் கூடாது. இந்த வகை நோய் பல வருடம் கழித்தும் திரும்பலாம் என்பதால்தான் இவ்வளவு நாள் கொடுக்கிறோம்.

கேஐ-67 என்பது பிரிந்து பெருகும் செல்களில் தெரியும் புரதம். 25% என்பது இரண்டும்கெட்டான் எண். 5 சதவீதத்துக்குள் இருந்தால் மெதுவான கட்டி, 30-க்கு மேல் போனால் வேகமானது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். நடுவில் உள்ளது லேப்புக்கு லேப் மாறும்.

மார்பகப் புற்றுநோயில் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு பொருளை அளக்கும் சிஏ 15-3 பரிசோதனையை யார் எழுதிக் கொடுத்தார்களோ! ஆரம்பக்கட்டப் புற்றுநோய் உள்ள பலருக்கும் அது நார்மலாகவே இருக்கும். அதை வைத்து நிம்மதியும் வேண்டாம், பயமும் வேண்டாம்.

எத்தனை வருடம் என்பதை இந்தப் புரதங்கள் மட்டும் சொல்லாது. அக்குள் நெறிக்கட்டிகளுக்குப் பரவியதா, கட்டி எந்த கிரேடு (செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன) என்பதெல்லாம் சேர வேண்டும். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் இரண்டும் இல்லை. டாக்டரிடம் கேளுங்கள்.

செலவு கருதி பினாங்கு பொது மருத்துவமனைக்கு மாறுவதாக இருந்தால், ரிப்போர்ட் நகல் மட்டும் போதாது. பயாப்சி சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். அந்த மெழுகுக் கட்டியையும், சீவல் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளையும் (ஸ்லைடு) கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். ஃபிஷ் சோதனையை அதிலேயே செய்துவிடலாம், அம்மாவுக்கு மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்காது.