கணையத்தில் கல் என்றால் தேங்காயை அடியோடு நிறுத்தணுமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். கணையத்தில் நாள்பட்ட அழற்சி, கல்லும் இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. சாப்பாட்டோடு விழுங்க என்சைம் கேப்ஸ்யூல் தந்திருக்கிறார்கள். தேங்காய், மீன், மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) எதுவும் கூடாது, கஞ்சி போதும் என்று சொந்தக்காரர்கள் சொல்ல, ஆள் எலும்பும் தோலுமாகிவிட்டார். என்னதான் கொடுப்பது?
- வாசகி, குமரி மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் வெறுங்கஞ்சியை நிறுத்துங்கள். கணையம் செரிமானத்துக்கான என்சைமைச் சரியாகச் சுரக்காதபோது தின்ற கொழுப்பும் புரதமும் உடம்பில் சேராது, மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கும், ஆள் மெலிவார், அந்த நேரத்தில் சாப்பாட்டையும் குறைத்தால் மெலிவு கூடத்தான் செய்யும். சிறுபயறு, முட்டை, காரல், நெத்திலி, கோழி என்று ஏதாவது ஒரு புரதம் ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். மீனைப் பொரிக்க வேண்டாம், குழம்பாக வையுங்கள். தேங்காயை அடியோடு விட வேண்டியதில்லை, குழம்புக்கு அரைத்து ஊற்றும் அளவைக் குறைத்தால் போதும். பழம்பொரி, ரசவடை, சிப்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கேப்ஸ்யூலை எப்போது விழுங்குகிறார் என்று கவனித்தீர்களா? பலர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபிறகு போடுகிறார்கள், சிலர் வெறும் வயிற்றில். முதல் வாய்ச் சோற்றோடு போட வேண்டும், ஒன்றுக்கு மேல் என்றால் மீதியைப் பாதிச் சாப்பாட்டில். கடிக்கக் கூடாது, கொதிக்கிற கட்டன்சாயாவோடும் கூடாது. விடியுமுன்னே வெறும் சாயா குடித்துத் தோட்டத்துக்குப் போய், பத்து மணிக்குமேல் வந்து ஒரேயடியாகச் சாப்பிடும் வழக்கம் இருந்தால் மாற்றுங்கள். போகும்போது அவித்த ஏத்தன்பழமும் (நேந்திரம்பழம்) முட்டையும் கொடுத்தனுப்பலாம், அதற்கும் கேப்ஸ்யூல் உண்டு. நாளுக்கு ஐந்தாறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக.

மரச்சீனி பற்றி: கேரளத்தில் குடிப்பழக்கமே இல்லாத இளவயதினருக்கும் இந்த நோய் வந்தபோது மரச்சீனியைச் சந்தேகித்தார்கள், ஆனால் அது உறுதிப்படவில்லை. நறுக்கி நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, மீனோடு சிறிதளவு கொடுக்கலாம். அதில் புரதம் மிகக் குறைவு, அதனால் அதையே முழுச் சாப்பாடாக்காதீர்கள்.

அப்புறம், குடியும் பீடியும் இருந்தால் இன்றோடு விட வேண்டும், இதில் 'கொஞ்சம்' என்ற பேச்சே கிடையாது. சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள், கணையம் கெட்டு வரும் சர்க்கரை சட்டென்று இறங்கியும் போகும், எனவே மருந்தோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாட்டு வேளை தவறவே கூடாது. எடை கூடவில்லை என்றால் கேப்ஸ்யூல் அளவையும் ஏ, டி வைட்டமின்களையும் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் பாயும் வலியும் வாந்தியும் வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.