தோல்வி காணாதவர்கள்

அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம்.

அம்பாசமுத்திரத்தில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வயது 26. கடையை அடைத்த பிறகு நானும் நண்பர்கள் மூவரும் ஆற்றுப் படித்துறையில் உட்கார்ந்து குத்துச்சண்டை பற்றிப் பேசுவோம். ஹெவிவெயிட் என்கிற அதிக எடைப்பிரிவின் சாம்பியன்களில் எல்லாக் காலத்துக்கும் பெரியவர் யார் என்று ஒரு மாதமாக எங்களுக்குள் வாக்குவாதம். என் வாக்கு ராக்கி மார்சியானோவுக்கு. 49 சண்டை, 49 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. ஒரு நண்பன் முகமது அலி என்கிறான், இன்னொருவன் மைக் டைசன் என்கிறான். மூன்றாமவனோ இன்றைய உசிக் முன்னால் பழைய ஆட்கள் மூன்று ரவுண்டு தாங்க மாட்டார்கள் என்கிறான். ஜோ லூயிஸை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் மார்சியானோவிடம் விழுந்தவர்தானே. வெவ்வேறு காலத்தவர்களை ஒப்பிட நியாயமான அளவுகோல் உண்டா? முதல் ஐந்து பேரை வரிசைப்படுத்தித் தருவீர்களா?

எஸ்., அம்பாசமுத்திரம்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் ஊரில் இருந்தேன். சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிழைக்கிற சிறிய ஊர். அம்மன் கோயில் கொடைத் திருவிழா. பஸ் நிற்கிற முக்கில் ஆளுயரத்துக்கு ஒரு பிளக்ஸ் பலகை கட்டியிருந்தார்கள். அதில் என் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் படம். தலையில் உருமால், கையில் கம்பு. கீழே கொட்டை எழுத்தில் ‘தோல்வி காணாத சிலம்பச் சிங்கம்’. அந்தப் பலகையின் நிழலில் நின்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். ‘ஒரு தோல்விகூட இல்லை’ என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தில் நிமிர்ந்து தாத்தாவின் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு வில்லுப்பாட்டில் மனம் செல்லவில்லை.

எளிதானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். உசிக் பெரிய வீரர். 2024 மே மாதம் ரியாத்தில் தன்னைவிட மிகப் பெரிய உடம்புக்காரரான டைசன் ஃபியூரியை வென்றதை நானும் வியந்தேன். ஆனால் அவர் முன்னால் மார்சியானோ தாங்குவாரா என்பது எடை பற்றிய கேள்வி. மார்சியானோ 85 கிலோவை ஒட்டியவர். இன்றைய கணக்கில் அவர் ஹெவிவெயிட்டே அல்ல. உங்கள் நண்பர் இதையும் யோசிக்கட்டும்: 1915-ல் ஜாக் ஜான்சனும் ஜெஸ் வில்லார்டும் ஹவானா வெயிலில் 45 ரவுண்டுக்கு ஒப்புக்கொண்டு இறங்கினார்கள், 26-ஆவது ரவுண்டில்தான் ஜான்சன் விழுந்தார். இன்று 12 ரவுண்டுதான். அந்த வெயிலில் 20-ஆவது ரவுண்டில் உசிக் எப்படி நிற்பார் என்று யாருக்குத் தெரியும்? மைக் டைசன் 20 வயதில் பட்டம் வென்றார், 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் இழந்தார். அவரைப் பற்றி அதற்குமேல் எனக்குச் சொல்ல இல்லை.

படித்துறையில் நீங்கள் நடத்துகிற கற்பனைச் சண்டையை 1969-லேயே நடத்திப் பார்த்துவிட்டார்கள். ராணுவத்தில் சேர மறுத்ததற்காக அலியின் பட்டத்தையும் உரிமத்தையும் பறித்திருந்த காலம் அது. மார்சியானோ ஓய்வு பெற்று 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. உடம்பைக் குறைத்து, தலையில் டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். இருவரையும் நிறுத்தி, ஒரு நிமிட ரவுண்டுகளாக எழுபது அளவில் படம் பிடித்தார்கள். எந்த முடிவைக் காட்டுவது என்பதைக் கணிப்பொறியிடம் விட்டார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் காட்டியபோது 13-ஆவது ரவுண்டில் மார்சியானோ வென்றார். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், தன் 46-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், விமான விபத்தில் இறந்துபோனார். கணிப்பொறி சொன்ன முடிவு எனக்குப் பொருட்டே இல்லை. 27 வயதில், உடம்பு உச்சத்தில் இருக்கும்போது, உண்மைச் சண்டை மறுக்கப்பட்ட ஒருவர் கூலிக்குப் பொய்ச் சண்டை போட்டார் என்பதுதான் அந்தப் படத்தில் என்னை உறுத்துகிறது.

இனி உங்கள் 49. எண்தான் அளவுகோல் என்றால் லாரி ஹோம்ஸ் உங்களுக்கு இரண்டாமவராக இருக்க வேண்டும். 48 சண்டைகள் தொடர்ந்து வென்று, 1985 செப்டம்பரில் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் முதல் தோல்வி கண்டவர் அவர். உங்கள் நால்வரில் ஒருவருக்குக்கூட அவர் பெயர் நினைவுக்கு வரவில்லையே! நீங்களே நம்பாத அளவுகோலை என்னிடம் நீட்டுகிறீர்கள். மார்சியானோவை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1952-ல் பிலடெல்பியாவில் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் புள்ளிகளில் பின்தங்கி, 13-ஆவது ரவுண்டில் ஒரே வலக்கை அடியில் அவரைச் சாய்த்தவர். எஸார்ட் சார்ல்ஸோடு ஒரே ஆண்டில் இரண்டு முறை மோதினார். ஆர்ச்சி மூரோடு மோதினார். அந்தக் காலத்தில் இருந்த நல்ல ஆட்கள் யாரையும் ஒதுக்கிவிட்டு அவர் ஓடவில்லை. அவரைப் புகழ வேண்டுமென்றால் இதைச் சொல்லிப் புகழுங்கள்.

ஜோ லூயிஸ் விஷயத்தில் உங்கள்மேல் எனக்குக் கோபம்தான். 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்து, 25 முறை அதைக் காத்தவர். இன்றுவரை அந்த எடைப்பிரிவில் எவரும் அதை எட்டவில்லை. போர்க்காலத்தில், 1942-ல், இரண்டு சண்டைகளின் பரிசுப் பணத்தைக் கடற்படை, ராணுவ நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார். அதே நாட்டின் வருமான வரித்துறை பின்னால் அவரைக் கடனில் முக்கியது. 1951 அக்டோபரில், 37 வயதில், அந்தக் கடன் துரத்தத்தான் அவர் மார்சியானோவின் முன்னால் போய் நின்றார். எட்டாவது ரவுண்டில் கயிறுகளுக்கு வெளியே விழுந்தார். வென்ற மார்சியானோ உடைமாற்றும் அறையில் அழுதார். வென்றவரே அழுத ஒன்றை, ‘விழுந்தவர்தானே’ என்று நீங்கள் எழுதுகிறீர்கள். கை கூசவில்லையா தம்பி?

லூயிஸுக்கு முன்னால் என்ன இருந்தது என்று தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். அமெரிக்கக் குத்துச்சண்டையில் நிறக்கோடு என்று ஒன்று இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்புகழ் சாம்பியன் ஜான் எல். சல்லிவன் கறுப்பர்களோடு மோத மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். பீட்டர் ஜாக்சன் என்ற மகத்தான கறுப்பு வீரர் பட்டத்துக்கு ஒரு வாய்ப்புக்கூடக் கிடைக்காமலே முடிந்துபோனார். ஜாக் ஜான்சன் உலகத்தின் மறுகோடிக்குப் போய், 1908 டிசம்பரில் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று முதல் கறுப்புச் சாம்பியன் ஆனார். அதைப் பொறுக்க மாட்டாமல், ஓய்ந்து பண்ணையில் இருந்த ஜிம் ஜெஃப்ரிஸை இழுத்து வந்தார்கள். 1910 ஜூலை 4, ரினோ நகரத்தில் ஜான்சன் அவரையும் வீழ்த்தினார். அன்று இரவு பல ஊர்களில் கறுப்பர்களை அடித்துக் கொன்றார்கள். 1912-ல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகவே தடைச் சட்டம் போட்டார்கள். 1915-ல் ஜான்சன் பட்டத்தை இழந்த பிறகு, 1937-ல் லூயிஸ் வரும்வரை, 22 ஆண்டுகள் ஒரு கறுப்பர்கூட அந்தப் பட்டத்துக்காக மேடையேற அனுமதிக்கப்படவில்லை.

அந்த இடைவெளியின் நடுவில் இருப்பவர் ஜாக் டெம்ப்சி. 1919-ல் சாம்பியன். பல பட்டியல்களில் முதல் பத்துக்குள் வருகிறவர். அதே ஆண்டுகளில் ஹாரி வில்ஸ் என்ற கறுப்பு வீரர் வாசலில் நின்றுகொண்டே இருந்தார். ஒப்பந்தம்கூட எழுதினார்கள், சண்டை நடக்கவில்லை. வில்ஸோடு மோது, பிறகு மற்றவர்களைப் பார்க்கலாம் என்று நியூயார்க் குத்துச்சண்டை ஆணையம் பிடிவாதம் பிடித்தது. சண்டையைத் தூக்கிக்கொண்டு பிலடெல்பியாவுக்குப் போய்விட்டார்கள். 1926-ல் அங்கே ஜீன் டன்னியிடம் டெம்ப்சி தோற்றார். வில்ஸ் வென்றிருப்பாரா? நமக்குத் தெரியாது, டெம்ப்சிக்கும் தெரியாது. டெம்ப்சியை எந்த இடத்தில் வைத்தாலும் அந்த இடம் பாதி காலியாகவே இருக்கும்.

என்னை இன்னும் வதைப்பது ஜான்சன். சாம்பியனாகும் முன், 1906-ல், தன்னைவிட மிகவும் எடை குறைந்த சாம் லாங்ஃபோர்டைப் புள்ளிகளில் வென்றவர் அவர். லாங்ஃபோர்ட் பின்னால் எலும்பும் சதையும் ஏறி யாரையும் நடுங்க வைக்கிற ஆளாக வளர்ந்தார். பட்டம் கைக்கு வந்த பிறகு ஜான்சன் அவருக்கு ஒருமுறைகூட வாய்ப்புக் கொடுக்கவில்லை. எந்தக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தாரோ, அதே கதவை உள்ளிருந்து தாழிட்டார். 1944-ல் ஒரு பத்திரிகையாளர் ஹார்லெமில் தேடிக் கண்டுபிடித்தபோது லாங்ஃபோர்ட் பார்வையிழந்து, ஏழ்மையில், ஓர் அறையில் கிடந்தார்.

என் தாத்தா பதினோரு கொடைகளில் தொடர்ந்து உருமால் வாங்கியவர். கம்பு நுனியில் கரி தடவிப் பொட்டு வைக்கிற ஆட்டம். எதிராளியின் உடம்பில் எத்தனை பொட்டு என்பதுதான் கணக்கு. பதினோரு ஆண்டில் தாத்தாவின் உடம்பில் இடுப்புக்கு மேலே பொட்டு விழுந்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கும். அவர் கால் எடுத்து வைக்கிற அழகை நானே பார்த்திருக்கிறேன். எழுபது வயதிலும் வீட்டு முற்றத்தில் மண் அலுங்காமல் சுற்றி வருவார்.

வாய்க்காலுக்கு அக்கரையில், வயல்வேலை செய்து பிழைத்த ஒருவர் இருந்தார். அவர் பிள்ளைகள் இருக்கிறார்கள், பெயரை எழுத எனக்கு உரிமையில்லை. அவர் கம்பைச் சுற்றினால் எறிகிற கல் உள்ளே போகாது என்பார்கள். கொடையில் ஆட அவருக்கு அனுமதி இல்லை. காரணம் சாதி, அதை வேறு வார்த்தையில் சொல்ல மாட்டேன். ஆண்டுதோறும் அக்கரையில் நின்று பார்த்துவிட்டுப் போவார். ஓர் ஆண்டு ஆள் அனுப்பிக் கேட்டார்: பரிசு வேண்டாம், உருமால் வேண்டாம், ஒரே ஓர் ஆட்டம். ஊர்ப் பெரியவர்கள் கூடி, அம்மன் முன்னால் அந்தக் கம்பு வரக்கூடாது என்றார்கள். தாத்தா அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். வாய் திறக்கவில்லை.

1974-ல் கின்ஷாசாவில் அலி ஃபோர்மேனை வீழ்த்திய செய்தியைத் திண்ணையில் உட்கார்ந்து தாத்தாவுக்கு நான்தான் வாசித்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. எத்தனை ரவுண்டு, எத்தனை கூட்டம், எவ்வளவு பணம் என்று நான் உற்சாகமாக வாசித்துக்கொண்டே போனேன். நடுவில் நிறுத்தி, “இந்த அலி யார் யாரோடெல்லாம் ஆடியிருக்கிறான்? யாராவது கேட்டு இல்லையென்று சொல்லியிருக்கிறானா?” என்று கேட்டார். பேப்பரில் அது போடவில்லை தாத்தா என்றேன். சிறிது நேரம் கழித்து, “அக்கரைக்காரன் என்னைவிடப் பெரிய ஆளா என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டதே அய்யா” என்றார். என்னிடம் அதற்குமுன் அவர் அந்த மனிதரைப் பற்றிப் பேசியதே இல்லை.

கடைசிக் கொடையில் தாத்தா, ஆட்டத்துக்கு முன் வணக்கமாக எடுக்கிற சலாவரிசையை அம்மன் பக்கம் எடுக்காமல் வாய்க்கால் பக்கம் திரும்பி எடுத்தார் என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெருமை வேண்டாம். தாத்தாவை என் உயிராக நினைத்தவன் நான். அதனால்தான் சொல்கிறேன், அந்த வணக்கம் போதாது. கூட்டத்தில் எழுந்து, அவர் ஆடாவிட்டால் நானும் ஆடவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பதினோரு உருமாலும் தகரப்பெட்டியில் இருக்கின்றன. நான் அந்தப் பெட்டியைத் திறப்பதில்லை.

1939 ஜனவரியில் ஜோ லூயிஸ் தன் பட்டத்தை ஜான் ஹென்றி லூயிஸ் என்ற கறுப்பு வீரருக்கு எதிராக வைத்து மோதினார். இரண்டு கறுப்பர்கள் அந்தப் பட்டத்துக்கு மோதுவது அமெரிக்க மண்ணில் அதுவே முதல் முறை. ஒரே ரவுண்டில் முடிந்த சண்டை. சாதனைப் புத்தகத்தில் ஒரு வரி. என் பட்டியலில் ஜோ லூயிஸ் முதலில் இருக்க அந்த ஒரு வரி போதும். அடுத்தது அலி: லிஸ்டன், ஃபிரேசியர், நார்ட்டன், ஃபோர்மேன், ஷேவர்ஸ் என்று தன் காலத்தின் அத்தனை பேரையும் தேடிப் போய் நின்றவர். மற்ற மூன்று இடங்களை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

பிளக்ஸ் பலகையில் அந்த வரியை மட்டும் மறைத்துவிடலாமா என்று விழாக்குழு இளைஞர்களிடம் கேட்டேன். “தாத்தா எங்கேயாவது தோற்றிருக்கிறாரா?” என்று திகைத்துக் கேட்டான் ஒருவன். இந்த ஆண்டு பதினான்கு பிள்ளைகள் கம்பெடுத்தார்கள். வாய்க்காலின் மேல் பாலம் போட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அக்கரையிலிருந்து ஒரு பிள்ளைகூட இல்லை. விசாரித்தேன்; அங்கே அழைப்பே போகவில்லை.

அடுத்த கொடைக்கு முன்னால் நான் அக்கரைக்குப் போய் வீடுவீடாக அழைக்கப் போகிறேன். உங்கள் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் தம்பி. அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்துவிடலாம். தேதி குறித்ததும் எழுதுகிறேன்.