காதில் சொட்டு மருந்து விடுவதை நிறுத்துங்கள், இன்றே போய்க் காட்டுங்கள்

உங்கள் கடிதத்தில் ஆறு தொல்லைகளை எழுதியிருக்கிறீர்கள். ஐந்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக. ஆறாவது மட்டும் கடைசியில் இரண்டு வரி: "நான்கு நாளுக்கு முன் காலையில் எழுந்ததிலிருந்து இடது காது அடைத்த மாதிரி இருக்கிறது. போனை அந்தக் காதில் வைத்தால் பேச்சு புரிவதில்லை. அழுக்காக இருக்கும் என்று சொட்டு மருந்து விடுகிறேன்." எனக்குக் கவலை தருவது அந்த இரண்டு வரிதான்.

சளி இல்லை, வலி இல்லை, காதில் தண்ணீர் போகவில்லை என்கிறீர்கள். அப்படியிருக்க ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால், அதை அழுக்கு என்று நீங்களே முடிவு கட்டக் கூடாது. உட்காது பாதிக்கப்பட்டாலும் நோயாளிக்கு அது ‘அடைப்பு’ போலத்தான் தோன்றும்.

செவிப்பறையின் அதிர்வை மூன்று சிறு எலும்புகள் உட்காதில் உள்ள நத்தைச் சுருளுக்குக் கொண்டு சேர்க்கின்றன. அங்கே நுண்மயிர்ச் செல்கள் அதை மின் சைகையாக மாற்றி நரம்புக்குத் தருகின்றன. கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் பத்துக் கோடி அளவில் உண்டு. காதில் இந்த மயிர்ச் செல்கள் சுமார் 15,000தான். மனிதனுக்கு அவை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. அழுக்கை அடுத்த வாரம்கூட எடுத்துவிடலாம். செல்களோ நரம்போ பாதிக்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் பலமாகக் கேட்டால், ஒலி போகும் வழியில் தடை இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் ஒதுங்கிக் கேட்டால், உட்காதையோ நரம்பையோ சந்தேகிக்க வேண்டும். மருத்துவர்கள் நாங்கள் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவை) நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதைத்தான். ஆனால் எந்தப் பக்கம் கேட்டாலும் நீங்கள் போயே ஆக வேண்டும். காதுக்குள் பார்த்துவிட்டு, ஆடியோமெட்ரி என்ற கேட்கும் திறன் சோதனை எடுப்பார்கள். நரம்புக் கோளாறு என்று உறுதியானால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இதைப் படித்துவிட்டு நீங்களாக ஸ்டீராய்டு வாங்கிப் போடாதீர்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும்.

மற்ற ஐந்தும் நோயே அல்ல. வெளிச்சமான வானத்தைப் பார்த்தால் மிதக்கும் தூசிகள், கண்ணுக்குள் இருக்கும் கூழின் நிழல்கள். பல வருடமாக அப்படியேதான் இருக்கின்றன என்கிறீர்கள், இருக்கட்டும். (திடீரென்று கூட்டமாக வந்தாலோ, கண்ணுக்குள் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, ஓரத்தில் திரை இறங்கினாலோ அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.) கண்ணைக் கசக்கினால் வெளிச்சம் தெரிவது, விழித்திரை அழுத்தத்தைக்கூட ஒளியாகவே மூளைக்குச் சொல்வதால். கசக்காதீர்கள், அவ்வளவுதான். இருட்டறைக்குள் போனதும் ஒன்றும் தெரியாதது எல்லோருக்கும் உண்டு. கண் முழுமையாக இருளுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். அமைதியான இரவில் இரண்டு காதிலும் கேட்கும் ‘ஙொய்’ சத்தமா? 1953-ல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலி புகாத அறையில் உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு சத்தம் கேட்டது. இணையத்தில் 17,000 ஹெர்ட்ஸ் ஒலி கேட்கவில்லை என்பதும் 48 வயதில் இயல்புதான். வயது ஏற ஏற மேல்சுருதிகள்தான் முதலில் மங்கும்.

இவற்றையெல்லாம் தேடலில் போட்டு, கண்ணும் காதும் சேர்ந்து போகும் அஷர் நோய் வந்துவிட்டதோ என்று இரவெல்லாம் விழித்திருக்கிறீர்கள். அது பரம்பரை நோய். பெரும்பாலும் பிறவியிலோ சிறு வயதிலோ காதில் தொடங்கும், பிறகு இரவுப் பார்வை குறையும். சில நிமிடத்தில் இருட்டு பழகிவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போன வாரம் வரை இரண்டு காதும் நன்றாகக் கேட்டன. நீங்கள் சொல்வதில் அஷருக்கான அடையாளம் எதுவும் இல்லை. அந்தப் பக்கங்களை மூடிவிடுங்கள்.

கடிதம் எழுதி இரண்டு நாள் ஆகிவிட்டது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நேரம் கேட்கும்போது ‘காது அடைப்பு’ என்று சொல்லாதீர்கள், அடுத்த வாரம் வரச் சொல்லிவிடுவார்கள். "திடீரென்று ஒரு காது கேட்கவில்லை, இன்று ஆறாவது நாள்" என்று சொல்லுங்கள்.